நண்டு திறந்த மதகு

காட்டுப்பாக்கத்து நாகப்பன் யாரையும் நம்பியதில்லை. அதை அவருடைய குணம் என்பதைவிட உத்தியோகம் என்று சொல்வதே சரி. ஊர் ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறந்து, முறை போட்டு, வயலுக்கு வயல் தண்ணீர் விடுவதும், முறை முடிந்ததும் மடையை அடைப்பதும் அவர் வேலை. அவருக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அதனால்தான் அந்த வேலை அவரிடம் இருந்தது. நிலம் வைத்திருப்பவன் கையில் மதகைக் கொடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஊருக்குத் தெரியும்.

தண்ணீர் குறைகிற மாதங்களில் வரப்புகள் தாமாகவே உடைந்துகொள்ளும். காலையில் போய் நின்றால், பக்கத்து வயல்காரர் அப்போதுதான் எழுந்து வந்தவர் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்வார்: "நண்டு வளைப்பா நாகப்பா. நண்டு ஓட்டை போட்டுட்சி."

நாகப்பன் குனிந்து உடைப்புக்குள் கையை விட்டுத் தடவுவார். மண் வழவழவென்று வெட்டுப்பட்டிருக்கும்.

"இந்த நண்டு மம்பட்டி வெச்சிகினு கீது போல," என்பார். அவ்வளவுதான். சண்டை போட மாட்டார். அடுத்த முறையில் அந்த வயலுக்குத் தண்ணீர் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும்.

யாராவது "எனக்குத் தெரியாது" என்று சொன்னால், "எவ்ளோ தெரியாது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு பதில் சொன்னவர் ஊரில் ஒருவரும் இல்லை.

சிறுமியாக இருந்தபோது அவர் மகள் வடிவு கூடவே வரப்பில் ஓடிவருவாள். அப்பனிடம் யாராவது நண்டுக் கதை சொன்னால், அந்த ஆளின் முதுகுப்பக்கம் நின்றுகொண்டு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நண்டுக் கொடுக்கு மாதிரி திறந்து திறந்து மூடுவாள். நாகப்பன் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார். பிறகு அது வீட்டுப் பாஷையாகவே ஆகிவிட்டது. "உப்பு சரியில்ல, அதான் கொழம்பு கரிக்குது" என்று அவள் தாயார் கெங்கம்மாள் சொன்னாலும் அடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு விரல் எழும்பும்.

அந்த வடிவுக்குத்தான் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை அமைந்தான். பெயர் தங்கவேல். ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய சங்கதி இது. அப்போது ரங்கூன் போவதும் வருவதும் ஆவடிப் பக்கத்துக்குப் புதிதல்ல. போனவர்களில் சிலர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதும் புதிதல்ல. கல்யாணம் முடிந்து, ஐப்பசியில் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுவதாக ஏற்பாடு.

நாகப்பன் மாப்பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தார்.

"அங்க இன்னா வேலை மாப்ளே?"

"மில்லுல மூட்டை எடை போடறது மாமா."

"வேலை முடிஞ்சி?"

"ஊட்டுக்குப் போவேன்."

"எந்த ஊட்டுக்கு?"

தங்கவேல் அவரை நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு ஒரே ஊடுதான் மாமா," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அதுதான் நாகப்பனை உறுத்தியது. வரப்பை வெட்டுகிறவர்களில் வாயாடிகளை அவர் பார்த்ததே இல்லை. எல்லாம் அளந்து பேசுகிற ஆட்கள்தான்.

போதாக்குறைக்கு அந்த டிரங்குப் பெட்டி. பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி, பூட்டியே இருந்தது. காட்டுப்பாக்கம் வந்து இறங்கியபோது காலியாகத்தான் இருந்தது, ஒற்றைக் கையால் தூக்கினான். புறப்படுகிற வாரம் பார்த்தால் இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத்தான் தூக்கினான். நாகப்பன் கை கொடுக்கப் போனால், "நீ உடு மாமா, நான் பாத்துக்கறேன்," என்று குறுக்கே வந்து நின்றான்.

அதே வாரத்தில் வீட்டு அம்மியையும் காணவில்லை. "கொத்தறவன் வரான்னு குப்பம்மா ஊட்ல குடுத்து வெச்சிருக்கேன்," என்றாள் கெங்கம்மாள். நாகப்பன் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவைக் கேட்டார். அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமாண்ணா, கீது," என்றாள். அந்த ஒரு நொடி போதும் அவருக்கு. குப்பம்மா அம்மியை முழுங்கிவிட்டாள் என்று தீர்மானித்து அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

புறப்படுகிற அன்று விடிந்தும் விடியாமலும் ஒரே மழை. கூண்டு வண்டியில் சாமான்களை ஏற்றி முடித்ததும் கெங்கம்மாள் அவரை மட்டும் ஓரமாக அழைத்தாள்.

"அவ இஷ்டப்பட்டுத்தான் போறா. ஆனா நீ பெத்தவன். கப்பல் ஏணியாண்ட போற வரைக்கும் பாரு. உன் மனசுக்கு ஒப்பலேன்னா கையப் புடிச்சிக் கூட்டிகினு வந்துடு. ஏன்னு நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்."

இதை அவர் மனதில் முடிந்துகொண்டார். ஏணி வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் மாப்பிள்ளையின் வண்டவாளம் தெரிந்தாக வேண்டும்.

போரூர் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்து இரைகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. பூந்தமல்லி ரோடு நெடுக மரங்கள் சாய்ந்து கிடந்தன. கூவம் கரை தெரியாமல் ஓடிற்று. வழியெல்லாம் நாகப்பன் ஒவ்வொரு வாய்க்காலையும் எட்டிப் பார்த்து, எது எங்கே வடியும், எது வடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. தங்கவேல் "உம்" கொட்டினான். வடிவு அம்மா கட்டிக்கொடுத்த சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

துறைமுகத்தில் கப்பல் நின்றது. ஆனால் அதனிடம் போக வழியில்லை. கடல் கொந்தளிப்பு அடங்கினால்தான் ஆள் ஏற்றுவார்களாம். அதுவரை டெக்கு பிரயாணிகள் காத்திருக்கும் முற்றத்தில் முழங்காலளவு மழைத்தண்ணீர். நாலு பக்கமும் சுவர். சனங்கள் பெட்டி மேலும் மூட்டை மேலும் காக்காய் மாதிரி குந்தியிருந்தார்கள். முற்றத்தின் மறுபக்கம் உயரமான மேடை, அதன்மேல் கொட்டகை. மேல் வகுப்புக்காரர்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு சொட்டு ஈரமில்லை.

நாகப்பன் முதலில் பார்த்தது கப்பலை அல்ல. முற்றத்தின் மூலையில், கடல் பக்கத்துச் சுவரின் அடியில், ஒரு வடிகால் துவாரம். அதன்மேல் இரும்புப் பலகை. பலகையை மேலே தூக்க ஒரு சங்கிலி. பலகை இறங்கிக் கிடந்தது.

இத்தனை தண்ணீரை உள்ளே தேக்கிக்கொண்டு மதகை மூடி வைத்திருக்கிறார்கள்.

அதன் பக்கத்தில் காக்கிச் சட்டைக் காவல்காரர் ஒருவர் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். வரதன் என்று கூப்பிட்டார்கள். நாகப்பன் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு அவரிடம் போனார்.

"இன்னாத்துக்கு இத மூடி வெச்சிகினு கீறீங்க அண்ணாத்தே?"

"தொறந்தா கடல் உள்ள வந்துடும்."

"கடல் மேல ஏறி வருமா?"

"வரும்."

"எதுக்கு வரணும்?"

வரதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதாண்டயே போய்க் கேளு," என்றார்.

நாகப்பன் திரும்பி வந்தார். தண்ணீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்கு ஓடும். ஏரியிலிருந்து மதகு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். கடைசியில் எல்லாம் கடலுக்குப் போகும். கடல் திரும்பி வரும் என்று சொல்கிறவன் நண்டுக் கதை சொல்கிறவன்தான். அவருக்குக் காரணமும் விளங்கிவிட்டது. முற்றத்துத் தண்ணீர் வடிந்தால் இந்தச் சனங்கள் எல்லாம் பெட்டி படுக்கையோடு முன்னால் போய் ஏணியடியில் நிற்பார்கள். மேடைக்காரர்கள் போகிறவரை இவர்கள் நகராமல் இருக்க, தண்ணீரே காவல். மேல் வயல்காரனுக்காகக் கீழ் வயல்காரனை முழுக அடிக்கிற வேலை. ஊரில் எத்தனை பார்த்தாயிற்று.

"மாப்ளே, நீ இன்னா நெனைக்கிறே?" என்று ஆழம் பார்த்தார்.

"அவங்களுக்குத் தெரியாதா மாமா? காரணமாத்தான் மூடியிருப்பாங்க," என்றான் தங்கவேல்.

சரிதான், இவனும் அந்தப் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வடிவு பச்சைப் பெட்டியின்மேல் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவை இடுப்பு வரை நனைந்து, குளிரில் பல் தந்தியடித்தது. காய்ச்சல் இருந்தால் கப்பல் டாக்டர் ஏற்றமாட்டார் என்று பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் சொன்னாள். அதைக் கேட்டதும் நாகப்பன் மனதில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உடனே அதைத் துரத்திவிட்டார். பெற்ற பெண் நடுங்குகிறது, இதில் என்ன சந்தோஷம்?

கொஞ்ச நேரத்தில் வாசல் கேட்டுப் பக்கம் ஏதோ தகராறு. வரதன் எழுந்து அதைப் பார்க்கப் போனார். நாகப்பன் காத்திருந்தது இதற்குத்தான். நேராக மூலைக்குப் போய்ச் சங்கிலியைப் பிடித்தார். ஊர் மதகை விட இலகுவாகத்தான் இருந்தது. இரண்டு இழுப்பில் பலகை மேலே வந்தது. கொக்கியில் மாட்டினார்.

தண்ணீர் குபுக்கென்று வெளியே பாய்ந்தது. முற்றத்தில் மிதந்த வைக்கோலும் பாக்குமட்டையும் துவாரத்தை நோக்கி நகர்ந்தன. நாகப்பன் மகள் இருந்த பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது மாதிரி மோவாயைத் தூக்கினார். வடிவும் சிரித்தாள்.

அப்போது துவாரத்துக்குள் ஏதோ உறுமிற்று. வெளியே போன தண்ணீர் போன வேகத்துக்கு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. முதல் அலை அவருடைய காலை வாரிவிட்டது. எழுந்திருப்பதற்குள் இரண்டாவது. வாயில் புகுந்த தண்ணீர் கரித்தது.

கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

பெட்டிகள் மிதக்க ஆரம்பித்தன. குழந்தைகளைத் தோளுக்குத் தூக்கினார்கள். நாகப்பன் கொக்கியை விடுவித்தார். பலகை இறங்கிற்று, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. அலையோடு வந்த ஒரு கட்டை நடுவில் சிக்கிக்கொண்டது. கட்டையை இழுத்தார், வரவில்லை. வேறு வழி தெரியாமல், ஊரில் மடை உடைந்தால் செய்வது மாதிரி, துவாரத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். தண்ணீர் கழுத்து மட்டும். ஒவ்வொரு அலையும் மாடு மாதிரி முதுகில் முட்டிற்று.

"கனமா எதுனா கொண்டாங்க," என்று கத்தினார். "சாக்கு, மூட்டை, எதுனா."

யாரும் தங்கள் மூட்டையைக் கொடுப்பதாக இல்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சங்கிலியை இழுத்தது யார் என்று பார்த்தவர்கள் நிறையப் பேர்.

தங்கவேல் வந்தான். வடிவை ஒரு தூணின் பீடத்தில் ஏற்றிவிட்டு, அந்தப் பச்சைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீரில் தடுமாறித் தடுமாறி வந்தான். வந்ததும், "நகரு மாமா," என்று சொல்லிப் பெட்டியைத் துவாரத்தின் வாயில் இறக்கினான். பெட்டி அசையவில்லை, அம்மிக்கல் மாதிரி நின்றது. பிறகு தன் படுக்கையை உருட்டி இடுக்கில் திணித்தான். இருவரும் சேர்ந்து அதைக் காலால் மிதித்து அழுத்தினார்கள். அலையின் சத்தம் மட்டும் உள்ளே வந்தது, தண்ணீர் வரவில்லை.

வரதன் ஓடிவந்தார். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர்.

"எவன் தொறந்தது?" என்றார் போலீஸ்காரர். நாகப்பனின் ஈரமான முரட்டு நூல் வேட்டியைப் பார்த்துவிட்டு, "கதர்க் கட்சி ஆளா நீ? கப்பலப் போவ உடாம பண்றதுக்கு எவன் அனுப்பிச்சான்?"

வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்ட நாகப்பனுக்கு பதில் சொல்லிப் பழக்கமில்லை.

"நண்டு தொறந்துட்சிங்க," என்றாள் வடிவு, தூண்மேல் இருந்தபடியே.

"எது?"

"நண்டு. சங்கிலியப் புடிச்சித் தொங்கிச்சி. நான் பாத்தேன். எங்க நைனா அடைக்கத்தான் போச்சி."

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். போலீஸ்காரர் வரதனைப் பார்த்தார். காவலை விட்டுவிட்டுக் கேட்டுக்குப் போனவர் வரதன். அவர் நாகப்பனைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார்.

"இங்க நண்டு ஜாஸ்தி சார்," என்றார் வரதன்.

அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை. ஆனால் முற்றத்தில் ஒருவரும் நம்பவில்லை என்பது நாகப்பனுக்குத் தெரிந்தது. அவர் நடக்க நடக்க சனங்கள் மூட்டையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். கட்டையை எடுத்துப் பலகையைச் சரியாக இறக்கினார்கள். தங்கவேல் பெட்டியைத் தூக்கினான். ஊறிப்போன அடித்தகரம் பிய்ந்துகொண்டது. நனைந்த துணிகளோடு தடாலென்று கீழே விழுந்தது ஓர் அம்மி. பின்னாலேயே குழவி.

நாகப்பனுக்கு அதன் ஓரத்து மூளி தெரியும். அவர் வீட்டு அம்மி.

"அம்மாதான் குடுத்துச்சி," என்றாள் வடிவு. "ஊட்டு அம்மிய வெளிய அனுப்பறாளேன்னு நீ கத்துவேன்னு சொல்லல. பொட்டிய எவனும் தூக்கக் கூடாதுன்னு நான்தான் இவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

"அங்க அம்மி கெடைக்காதா?"

"இத்தத்தான் எடுத்துகினு போவணும்னு சொன்னா மாமா," என்றான் தங்கவேல். "நான் இன்னா பண்றது?"

நாகப்பன் அம்மியின் முன்னால் குந்தினார். குப்பம்மா ஞாபகம் வந்தது. அந்த வெட்கத்தை ஊருக்குப் போய்ப் பட்டுக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார். ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிற வீட்டுக்குக் கடல் தாண்டி அம்மி சுமந்துகொண்டு போகிறவன் உண்டா? அங்கே ஒருத்தி இருந்தால் அவளுக்கு ஓர் அம்மி இருக்காதா? கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"மாப்ளே, பர்மாக்காரிங்க அம்மியில அரைப்பாங்களா?"

தங்கவேலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நாகப்பன் பார்த்ததில்லை.

மறுநாள் கடல் அடங்கியது. அன்று காலையில் வெயிலில் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வடிவு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நைனா, நெஜத்தச் சொல்லு. நான் போவக் கூடாதுன்னுதானே தொறந்து உட்டே?"

"ஐயோ, இல்லம்மா. தண்ணி வடியட்டும்னு தொறந்தேன். கடல் திரும்பி வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எவ்ளோ தெரியாது?"

இந்தக் கேள்வி இத்தனை கொடியது என்று நாகப்பனுக்கு இதுநாள்வரை தெரியாது. உண்மையைச் சொன்னாயிற்று; அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை; சொன்னது பொய் மாதிரியே காதில் விழுந்தது. ஊரில் எத்தனை பேர் இதே மாதிரி நின்றிருப்பார்கள், அதில் ஒன்றிரண்டு நிஜமாகவே நண்டாக இருந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. காய்ச்சல் என்றதும் எட்டிப் பார்த்த அந்தச் சந்தோஷமும் ஞாபகம் வந்தது. அவரே தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

"தடுக்கணும்னா சொல்லு," என்றாள் வடிவு. "ஏணிகிட்டப் போறதுக்கு முன்னால சொல்லிடு. அம்மா உன்கிட்ட சொன்னத நானும் கேட்டேன்."

அவர் உலர்ந்த புடவையை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தார்.

கப்பல் டாக்டர் வடிவை நாக்கை நீட்டச் சொன்னார், கையைத் தொட்டுப் பார்த்தார், போகச் சொன்னார். தங்கவேல் சாக்கில் சுற்றிய அம்மியைத் தோளில் தூக்கினான். நாகப்பன் குழவியைச் சுமந்துகொண்டு ஏணியடி வரை வந்தார். அங்கே அவரை நிறுத்தினார்கள். குழவியை மாப்பிள்ளையின் மறு கையில் கொடுத்தார்.

"பாத்து, கால்ல போட்டுக்கப் போறே," என்றார்.

கப்பல் நகர்ந்தபோது டெக்கின் ஓரத்தில் சனங்கள் எல்லாம் கையாட்டினார்கள். வடிவைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் மட்டும் ஆட்டவில்லை. கையை உயரத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திறந்து திறந்து மூடினாள். பொய், நைனா, பொய். அவ்வளவு தூரத்திலும் அவள் பல் தெரிந்தது.

பக்கத்தில் வந்து நின்ற வரதன், "உம் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"நான்தான் வேணும்னு தொறந்தேன்னு சொல்லுது."

"தொறந்தியா?"

நாகப்பன் தன் கையைத் தலைக்குமேல் தூக்கி, இரண்டு விரலையும் ஒரு தடவை திறந்து மூடினார். ஆமாம், பொய்தான் என்று அவள் எடுத்துக்கொள்ளட்டும். கப்பல் துறைமுகத்து வாயைத் தாண்டுகிறவரை கையை இறக்கவில்லை.